அகண்ட அன்ன பீடம்

ஸ்ரீரங்கத்துப் பட்சி போஷண சபையில் ‘கொல்’ என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. விதியை எழுதினால் அந்தச் சொல்லையும் எழுத வேண்டி வருமே என்று, விதிப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் கோட்டைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்பார்கள். காரியதரிசி வேதாந்தம் தன் கழுத்துக்குக் குறுக்கே விரலை ஒரு தரம் ஓட்டிக் காட்டுவார். கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

இந்தச் சபையில்தான் 1965-ஆம் வருஷம் சித்திரை மாதம் திருவெள்ளறை வீரமலை காவல்காரனாக வந்து மாட்டிக்கொண்டான். ஊரில் கிணறு வற்றிக் கூலி வேலை நின்றுபோயிருந்தது. மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு ஐந்து மாசம். முதல் இரண்டு பிரசவமும் ஒழுகுகிற கீற்றுக்கு அடியில் நடந்து, இரண்டு குழந்தைகளும் ஈரத்தில் விறைத்துப் போய்ச் சேர்ந்திருந்தன. இந்தத் தடவையாவது ஓடு போட்ட கூரைக்கு அடியில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் புருஷனிடம் கேட்டது. சபைத் தலைவர் வீட்டுக் கொல்லையில் ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. காவல்காரன் அதில் குடியிருக்கலாம் என்றார்கள். வீரமலை வேறு எதையும் விசாரிக்கவில்லை.

தலைவர் வீரராகவன் ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். சர்வீஸில் இருந்த நாளில் கூட்டத்தைக் கலைக்க இரண்டு தடவை துப்பாக்கிப் பிரயோகத்துக்கு உத்தரவு போட்டவர். இரண்டு தடவையும் வானத்தைப் பார்த்துச் சுடத்தான் சொன்னதாகவும், ஜனங்கள்தான் அனாவசியமாக உயரமாக இருந்துவிட்டதாகவும் சொல்லுவார். பென்ஷன் வாங்க ஆரம்பித்த மாதமே அவருக்கு ஜீவகாருண்யம் வந்துவிட்டது. அதை மனுஷ ஜாதியிடம் காட்டுவதில் சில சிரமங்கள் இருந்தபடியால் பட்சிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டுக் கொல்லை கொள்ளிடக் கரைப்பக்கம் நீண்டு கிடந்தது. அங்கே மாமரத்திலும் வேப்பமரத்திலும் கயிறு கட்டிப் பன்னிரண்டு மண்தட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அன்ன பீடம் என்று அவற்றுக்குப் பெயர். கம்பு, நொய், ஊறவைத்த கடலை, நறுக்கிய வாழைப்பழம் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பீடத்தின் விளிம்பிலும் அதைக் கொடுத்த உறுப்பினரின் பெயரை எனாமல் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள். கீழே நின்று பார்க்கிறவர்களுக்காக அடியிலும் எழுதியிருந்தார்கள். பட்சிகளும் நன்றியோடு இருக்க வேண்டும் என்பதற்காக உட்புறத்தில் எழுதலாமா என்ற தீர்மானம் நிலுவையில் இருந்தது. அரிசிக்கு ஊரே நாயாய் அலைந்த வருஷம் அது. கியூவில் நின்று வெறும் பையோடு திரும்புகிற ஜனங்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து எச்சிலை விழுங்கிவிட்டுப் போவார்கள்.

சபையின் தலையாய சங்கல்பம் அகண்டம். அகண்டமாக விளக்கு எரிகிறது, அகண்டமாக நாம சங்கீர்த்தனம் நடக்கிறது. அந்த மாதிரி அன்னமும் அகண்டமாக இருக்க வேண்டும், பகலோ இரவோ எந்தப் பீடமும் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று தலைவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரியில் எந்தக் குருவி வந்து தின்னப் போகிறது என்று சபையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதை ஒரு தீர்மானமாக எழுதி, முன்மொழிந்து, வழிமொழிய ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பயந்தே தோன்றாமல் இருந்திருக்கலாம்.

பீடத்தை ஏற்றுவது, இறக்குவது, அன்னத்தை மாற்றுவது எல்லாம் காரியதரிசியின் கையால், நல்ல நேரம் பார்த்துத்தான் நடக்க வேண்டும். காவல்காரன் தொடக் கூடாது. ஒரு பீடம் உடைந்தால் அவன் அன்றைக்கே கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். வேதாந்தம் இதையெல்லாம் படித்துக் காட்டி வீரமலையிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு பீடங்கள் சுக்கல் சுக்கலாகக் கிடந்தன.

வள்ளிக்கண்ணு மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவசரக் கூட்டத்தில் தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “ஒரு பீடம் உடைஞ்சா என்னன்னுதான் விதி இருக்கு. ரெண்டு உடைஞ்சா என்னன்னு விதியில்லை. ஆகையினாலே இவன் இருக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பது தலைகள் ஆடின.

“எப்படிடா உடைஞ்சுது?” என்று கேட்டார் வேதாந்தம்.

“மரநாய் வந்துச்சுங்க சாமி. கெளையில நடந்து வந்து, கயித்தப் புடிச்சு எறங்கி, வாழப்பழத்தத் தின்னுட்டு உருட்டி விட்டுருச்சு. கீழ விழுந்ததப் பெருச்சாளி வழிச்சுத் தின்னுருச்சு. பொழுது சாஞ்சதும் தட்டையெல்லாம் எறக்கி உள்ள வச்சிட்டம்னா ஒரு தொல்லையும் இல்லீங்க. விடிஞ்சதும் மாட்டிவிட்டாக் குருவி வந்து தின்னுட்டுப் போவுது.”

இரண்டு பேர் எழுந்து நின்றே விட்டார்கள். “அகண்டத்தை அறுக்கச் சொல்றான்!” என்றார் தலைவர்.

வீரமலைக்குத் தான் சொன்னதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை. “அது ஆகாதுன்னா ஒரு தடியக் குடுங்க சாமி. வர்றதக் கொன்னு...”

நாற்பது பேரும் ஒரே சமயத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் தன் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியை எடுத்து வீரமலையின் முழங்கால் எலும்பில் ஓங்கி ஒன்று வைத்தார். சபையில் அடி என்று ஒன்று கிடையாது. அதற்கு உபதேசம் என்று பெயர். காவல்காரனுக்கு ஓர் உபதேசம் அருளப்பட்டது என்று வேதாந்தம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். உபதேசம் வீங்கி, வீரமலை நாலு நாள் நொண்டினான்.

பிறகு தலைவர் பேசினார். “ஜீவன்களில் நல்ல ஜீவன், கெட்ட ஜீவன்னு பேதமே கிடையாது. மரநாயும் நம்ம குழந்தைதான். குழந்தை தப்புப் பண்ணினா என்ன செய்வோம்? திருத்துவோம். என் மூத்த பிள்ளையை நான் திருத்தினேன். இப்போ அவன் எங்கே இருக்கான்னு எனக்கே தெரியாது. அவ்வளவு தூரம் திருந்திப் போயிட்டான்!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மரநாயைத் திருத்துவதற்காக, ‘இவ்வன்னம் பட்சிகளுக்கு மட்டும்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகை ஒன்றை மாமரத்தில் அடித்தார்கள். ராத்திரியில் படிக்க வசதியாகப் பக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கையும் தொங்கவிட்டார்கள். அதுவரை இருட்டில் தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்த மரநாய் அந்த வெளிச்சத்தில் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆனி மாதத்தில் அடுத்த தீர்மானம், ஹிம்சை இல்லாமல் பிடித்து வைப்பது. வேதாந்தமே பெரிய கடை வீதிக்குப் போய் இரும்புக் கடை முகம்மது கனியிடம் பொறி கேட்டார். கனி, ரம்பம் போலப் பல் வைத்த ஓர் இரும்புப் பொறியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“சாமி, மொதல்லயே சொல்லிடறேன். இதுல மாட்டுனா எலும்பு நிக்காது.”

“பிடிச்சு வச்சுக்குமோன்னோ?”

“வச்சுக்கும்.”

“அது போதும். மத்ததை நீர் சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை” என்று வேதாந்தம் பொறியை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் அண்டை வீட்டுப் பூனை மாட்டிற்று. தலை தனியாகப் போய்விட்டதால் அது கத்தவில்லை, ஆகையால் ஹிம்சை நடக்கவில்லை என்று குறிப்பில் ஏறியது. இரண்டாம் நாள் வேதாந்தமே மாட்டினார். தன் பெயர் போட்ட பீடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கடலை போட்டுவிட்டுப் போக, யாரும் எழுந்திருக்கும் முன்னால் ஓசைப்படாமல் வந்தவர் அவர். பொறியின் பல் இடது பாதத்தில் இறங்கியபோது அவர் போட்ட கூச்சலில் கொள்ளிடத்து மணலில் படுத்திருந்த சலவைக் கழுதைகள் எழுந்து ஓடின. வீரமலைதான் கடப்பாரையைக் கொடுத்துப் பொறியைத் திறந்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இரண்டு விரல்கள் பொறியிலேயே தங்கிவிட்டன.

அன்று சாயங்காலம் நாற்காலியோடு தூக்கி வரப்பட்ட வேதாந்தம், முனகிக்கொண்டே நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார். பொறி நன்றாக வேலை செய்கிறது என்று சபை திருப்தி தெரிவித்தது. காரியதரிசியின் காலை மிருகத்தின் கால் என்று நினைத்துப் பொறி ஏமாறும்படி விட்டதற்காகக் காவல்காரனுக்கு முதுகில் ஐந்து உபதேசங்கள் அருளப்பட்டன.

வள்ளிக்கண்ணு ராத்திரி மஞ்சளை அரைத்து அவன் முதுகில் பூசினாள். “போயிடலாங்க. இவங்க பேசறது ஒண்ணும் வெளங்கல. ஆனா அடி மட்டும் நல்லா வெளங்குது.”

“எங்க போறது புள்ள? இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சிட்டு இரு. ஆவணியில மழை புடிச்சிரும். இந்த ஓட்டுல ஒரு பொட்டு ஒழுகல பாத்தியா?” என்றான் வீரமலை. அவள் ஓட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஒழுகவில்லைதான்.

ஆடி மாதம் துப்பாக்கி வந்தது. பாலக்கரைத் தைரியராஜ் பட்டாளத்தில் இருந்து திரும்பியவன், லைசென்ஸ் வைத்திருக்கிறவன். அவன் வந்ததும் வராததுமாக, “அய்யா, எதைக் கொல்லணும், எப்பக் கொல்லணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான். நாற்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து, இது என்ன டிரில் என்று வீரமலையிடம் ரகசியமாகக் கேட்டான்.

துப்பாக்கிச் சத்தம் உறுப்பினர்கள் காதில் விழுந்தால் தோஷம். ஆகவே கொல்லையிலேயே ஜமக்காளம் விரித்துப் பஜனை ஏற்பாடாயிற்று. பஜனை உச்சத்துக்குப் போகும்போது தலைவர் ஜால்ராவைத் தலைக்கு மேலே தூக்குவார். அப்போதுதான் சுட வேண்டும். “அப்ப மிருகம் வரலேன்னா?” என்று கேட்டான் தைரியராஜ். “உம்ம வேலை சுடறது. வர்றது அதோட வேலை” என்றார் தலைவர்.

மிருதங்கமும் ஜால்ராவும் நாற்பது தொண்டையும் சேர்ந்து முழங்குகிற கொல்லைக்கு எந்த மரநாய் வரும்? வீரமலை மாமரத்தடியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜால்ரா மேலே போயிற்று. தைரியராஜ் பட்டாளத்துக்காரன், உத்தரவு என்றால் உத்தரவு. சுட்டான். மரத்தில் அடைந்திருந்த மைனாக்கள் கொத்தாக விழுந்தன. சில்லுக் குண்டுகளில் மூன்று வீரமலையின் இடது தோளில் தைத்தன. அவன் அலறியது பஜனைக்கு நல்ல எடுப்பாக இருந்தது என்று பின்னால் ஒருவர் பாராட்டினார்.

தைரியராஜ் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, தன் வேட்டியைக் கிழித்து அவன் தோளைக் கட்டினான். “மன்னிச்சுக்கப்பா. பட்டாளத்துலகூட நாங்க பாத்துத்தான் சுடுவோம்” என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. செத்த மைனாக்கள் பதினேழுக்கும் இரங்கல் தீர்மானம் போட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். குண்டின் பாதையில் தோளை வைத்திருந்ததற்காகக் காவல்காரனைச் சபை கண்டித்தது.

ஆவணியில் சபையின் ஆண்டு விழா வந்தது. திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்குத் திங்கட்கிழமை காலைதான் ஒழியும். அவர் வருகிறபோது ஒரு பீடமாவது உடைந்து கிடந்தால் மானம் போய்விடும் என்று, விழாவுக்கு முதல் நாள் கடைசித் தீர்மானம் நிறைவேறியது. எல்லாப் பீடங்களிலும் அன்று மாலை எலி பாஷாணம் கலந்த நொய்யை நிரப்புவது. தீர்மானத்தில் அதற்கு ‘விசேஷ அன்னம்’ என்று பெயர்.

“சாமி, காலையில குருவி வந்து தின்னுமேங்க!” என்றான் வீரமலை.

தலைவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “இதை நாம ராத்திரிக்குன்னு வைக்கிறோம். ராத்திரிக்குன்னு வச்சது ராத்திரிப் பிராணியைத்தானே சேரும்? காலம்பற காரியதரிசி வந்து மாத்திடுவார். உனக்கு எதுக்குடா விசாரம்?”

அன்று ராத்திரி மரநாயும் பெருச்சாளியும் பீடங்கள் பக்கமே வரவில்லை. விருந்துச் சாமான் இறங்கியிருந்த சமையல் பந்தலுக்குப் போய்விட்டன. அங்கே காவலுக்குத் தைரியராஜைப் போட்டிருந்தார்கள். சர்க்கரை மூட்டை எதிரில் இருப்பதால் சுடக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

விடிந்தது. உடைந்ததற்குப் பதில் மாட்டியவையும் சேர்த்துப் பன்னிரண்டு பீடங்களும் நிறைந்து அப்படியே தொங்கின. வேப்பமரத்தில் முதல் குருவி கத்தியது. வீரமலை மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு கட்டையையும் எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடித் தட்டினான். குருவி போனால் மைனா வந்தது, மைனா போனால் கிளி வந்தது. வெகுநாளாக அங்கே பசியாறிப் பழகிய பட்சிகள். டின் சத்தத்துக்கு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன. அவன் கல்லை எடுத்து எறிந்தான். தோள் காயம் பிளந்து சட்டை நனைந்தது.

ஏழே முக்காலுக்கு வேதாந்தம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். வீரமலை ஓடிப்போய் அவர் காலில் விழுந்தான். “சாமி, சீக்கிரம் எறக்குங்க! தின்ன ஆரம்பிச்சிருச்சு!”

“திங்கக்கிழமைடா! ஏழரையிலேருந்து ஒம்பது ராகுகாலம். ஒம்பது அடிச்சப்பறம்தான் பீடத்திலே கை வைக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் மாவிலைத் தோரணம் கட்டப் போய்விட்டார்.

வீரமலை திரும்பிப் பார்த்தபோது ஒரு கிளி மரத்திலிருந்து பொத்தென்று விழுந்தது. அதன் அலகில் நுரை. பிறகு குருவிகள் விழ ஆரம்பித்தன. ஒன்று அவன் கால் பெருவிரல்மேல் விழுந்து சிறகை அடித்துக்கொண்டே அடங்கியது. அவன் கையிலிருந்த கட்டையைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். வாசலில் நிறைமாசமாக வள்ளிக்கண்ணு நின்றுகொண்டிருந்தாள்.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஒடைங்க!” என்று கத்தினாள் அவள்.

வீரமலை உடைத்தான். நாலு மாசத்து ஆத்திரமும் கட்டையில் இறங்கியது. தர்மவான்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெறித்துச் சிதறின. பதினோரு பீடம் முடிந்து, தலைவரின் பீடத்துக்குக் கட்டையை ஓங்கும்போது உறுப்பினர்கள் பட்டு அங்கவஸ்திரங்களோடு கொல்லைக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் கண்டது, காவல்காரன் டின்னும் கல்லும் கட்டையுமாகப் பட்சிகளுக்கு நடுவில் நிற்பதைத்தான்.

“பாஷாணங்க! பாஷாணம் தின்னு சாவுதுங்க!” என்று அவன் கதறினான்.

“அப்படி ஒரு பதார்த்தமே நம்ம சபையில் கிடையாது!” என்று தலைவர் அவன் வாயில் கைத்தடியால் இடித்தார். முன்பற்கள் இரண்டு உதிர்ந்தன. பிரதம விருந்தினர் வருகிற நேரம், அந்த வாயை உடனே மூடியாக வேண்டும். நாற்பது பேரும் குடை, தடி, செருப்பு என்று கைக்குக் கிடைத்ததால் உபதேசித்தார்கள். குடைக் கம்பி ஒன்று இடது கண்ணில் இறங்கியது. அவன் சுருண்டு விழுந்த பிறகு, வருகிறவர் கண்ணில் படாதபடி மாமரத்தின் பின்பக்கம் சேர்த்துக் கட்டினார்கள். பிடித்துத் தள்ளப்பட்ட வள்ளிக்கண்ணு கிணற்றடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குப் பிரதம விருந்தினர் வந்தார். “இந்தப் பட்சியெல்லாம் ஏன் தரையில படுத்திருக்கு?” என்று கேட்டார்.

“அகண்டமாச் சாப்பிட்ட களைப்பு” என்றார் தலைவர்.

அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஆயுள் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். தலைவர் வரவேற்றுப் பேசினார். “இந்தக் கொல்லையிலே ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைச்சதில்லை. ராத்திரித் திருட்டுப் பிராணிகளோட தொந்தரவு நேத்தோட தீர்ந்தது. இதோ, அடியேனுடைய பீடத்தைப் பாருங்கோ. நெறைஞ்சபடியே இருக்கு. இதுதான் தர்மத்தோட சக்தி!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பீடம் அங்கே இல்லை. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வள்ளிக்கண்ணு மேடைக்கு எதிரில் நின்றாள். தலைவர் பெயர் பளபளவென்று விளிம்பில் தெரிந்தது. அவள் நேரே போய் அதை மேஜைமேல் வைத்தாள்.

“சாமி, எம்புருசன் பாஷாணம்னு சொன்னதுக்குப் பல்லை ஒடச்சீங்க. அவரு சொன்னது பொய்தான? நீங்க ஒரே ஒரு வாய் சாப்புட்டுக் காட்டுங்க. நாங்க தப்புன்னு கால்ல விழுந்திட்டுப் போயிடறோம்.”

பிரதம விருந்தினர் தலைவரைப் பார்த்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் நொய்யைப் பார்த்தார். அவர் நெற்றியில் இட்டிருந்த நாமம் வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது.

“சாப்பிடலாம். பேஷாச் சாப்பிடலாம்” என்றார் அவர். “ஆனா இன்னிக்கு ஏகாதசி. அடியேன் உபவாசம்.”

“இன்னிக்கு சப்தமி இல்லையோ?” என்றார் பிரதம விருந்தினர். “சரி, செக்ரட்டரி சாப்பிட்டுக் காட்டட்டுமே.”

வேதாந்தம் நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் துள்ளி எழுந்தார். “இன்று ஏகாதசி என்று இச்சபை தீர்மானிக்கிறது. சபையைச் சேர்ந்தவர்கள் அனைவரும் இன்று உபவாசம். இதை அடியேன் முன்மொழிகிறேன்!” வழிமொழிய முப்பத்தொன்பது பேர் போட்டி போட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்போதுதான் சமையல் பந்தலிலிருந்து வாசனை வந்தது. புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் வடையும் தயாராகி, பந்தலில் இலை போட்டாகிவிட்டது. பரிசாரகர்கள் பரிமாறவும் தொடங்கியிருந்தார்கள். நெய் மணத்தில் உறுப்பினர்களின் முகங்கள் இறுகின. “நான்கூடவா?” என்று மெல்லக் கேட்டார் பிரதம விருந்தினர். “தேவரீர் ஆயுள் உறுப்பினர்” என்றார் வேதாந்தம் துக்கத்தோடு.

இதற்குள் தைரியராஜ் மாமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டு வீரமலையைத் தாங்கிக்கொண்டு வந்தான். வள்ளிக்கண்ணு புருஷன் கையைப் பிடித்து அழைத்துப் போய், முதல் வரிசை இலையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

“ஏய்! என்ன பண்றாய்?” என்று தலைவர் வீறிட்டார்.

“நாங்க சபையில இல்லீங்களே சாமி. எங்களுக்கு இன்னிக்கு ஏகாதசி கெடையாது” என்றாள் அவள். வீரமலையால் மெல்ல முடியவில்லை. அவள் பொங்கலைப் பிசைந்து அவன் வாயில் வைத்தாள். வாயிலிருந்து ரத்தமும் நெய்யும் சேர்ந்து வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தாள்.

“தைரியராஜ், ரெண்டு பேரையும் தூக்கி வெளியே போடும்!”

தைரியராஜ் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டான். பிறகு வீரமலைக்குப் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான். “நானும் உங்க மெம்பர் இல்லீங்கய்யா. அதோட வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். அந்த வடையக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க” என்றான். துப்பாக்கியின் வாய் தலைவரின் தொப்புளைப் பார்த்திருந்தது. நாற்பது பேர் பசியோடு சுற்றி நிற்க, மூன்று பேர் சாப்பிட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் வள்ளிக்கண்ணுவுக்கு வலி எடுத்துவிட்டது. இலையைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தாள். இருவரும் அவளைத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். “பதினொண்ணு உடைச்சிருக்கான்! கொட்டகையை உடனே காலி பண்ணணும்!” என்று கத்திக்கொண்டே சபை பின்னால் வந்தது. தைரியராஜ் வாசலில் உட்கார்ந்து துப்பாக்கியை நிமிர்த்தினான். சபை பத்தடி தள்ளி நின்றது.

வீட்டின் பின்கட்டிலிருந்து தலைவரின் மனைவி குமுதவல்லி வெந்நீர்த் தவலையும் பழம்புடவையுமாக வந்தாள். இந்த நாலு மாசமும் சமையலறை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தலைவர் குறுக்கே கையை நீட்டினார்.

“எங்கே போறாய் நீ? சபைத் தீர்மானம் இருக்கு!”

“பொம்மனாட்டிகளைச் சபையிலே சேக்கப்படாதுன்னு போன வருஷமே தீர்மானம் போட்டேளே. நகருங்கோ, ஜலம் கொதிக்கறது.” அவர் நகராமல் நின்றார். அவள் தவலையைக் கொஞ்சம் சாய்த்தாள். தலைவர் பாதத்தைத் தூக்கிக்கொண்டு அலறியபடி குதித்தார். அவள் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. உறுப்பினர்கள் நனைந்துகொண்டே நின்று, கொட்டகையைக் காலி செய்யும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதை வாசிக்கும்போது உள்ளேயிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. வேதாந்தம் வாசிப்பதை நிறுத்தாமல் குரலை உயர்த்திக்கொண்டார். ஆண்டு விழா இனிது நடந்தேறியதாகவும், பட்சிகள் எதுவும் வராத காரணத்தால் அன்னத்துக்கு இனி எந்தப் பிராணியாலும் ஆபத்து இல்லை என்றும் அன்றைய குறிப்பில் எழுதப்பட்டது.

கொட்டகைக்குள் குமுதவல்லி குழந்தையைப் புடவையில் சுற்றி வீரமலை மடியில் வைத்தாள். பெண் குழந்தை. உடம்பு கதகதவென்று இருந்தது. இடது கண்ணை இனிமேல் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. வலது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.